பெட்டி செய்பவரின் பொறுப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்மேற்கில் உள்ள கோலன் என்னும் சிற்றூர், மாயவித்தைக் கருவிகள் செய்யும் தொழிலால் அறியப்பட்டது. புகழ்பெற்ற மேடைக் கலைஞர் ஹாரி பிளாக்ஸ்டோன் 1926இல் இங்குக் குடியேறினார். அவரோடு கூட்டாகக் கருவி வணிகம் தொடங்கிய ஆஸ்திரேலியர் பெர்சி அபட், அக்கூட்டு விரைவில் முறிந்துபோக, 1934இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தை நிறுவினார். கறுப்புச் சுவர்களில் வெள்ளை எலும்புக்கூடுகள் தீட்டப்பட்ட அதன் கட்டடம் ஊரின் அடையாளமாக நிற்க, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் வித்தைக் கலைஞர்கள் அங்கே கூடுகின்றனர்.

இத்தகைய பட்டறைகளில் தச்சு, தகரவேலை, வண்ணப்பூச்சு, தையல் ஆகிய பல தொழில்கள் ஒரே பெட்டிக்குள் சந்திக்கின்றன. ஓர் ஆளை மறைக்கும் பெட்டியில் அளவு சிறிது பிசகினாலும், கதவு தாமதமாகத் திறந்தாலும் வித்தை தோற்றுவிடும் என்பதால், இங்குப் பணிபுரிவோருக்குக் கைத்திறனோடு பார்வையாளரின் கண் செல்லும் திசையைப் பற்றிய அறிவும் வேண்டும். இவர்கள் செய்யும் பெட்டியின் விலையில் மரத்துக்கும் கூலிக்கும் உரிய தொகையோடு, அதைக் கண்டுபிடித்தவருக்கு உரிய பங்கும் அடங்கியிருக்க வேண்டும் என்பதே தொழிலின் நேர்மையான மரபு. அந்தப் பங்கைச் செலுத்தாமல் செய்யப்படும் பெட்டி, எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், களவுப் பொருளே.

இந்த மரபுக்கு இவ்வளவு கனம் ஏற்பட்டதற்குக் காரணம், சட்டம் தரும் காவல் குறுகியதாக இருப்பதே. கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் காப்புரிமையைப் பெற விரும்புபவர், செய்முறை முழுவதையும் எழுதி எல்லோரும் படிக்கும் ஆவணமாக ஒப்படைக்க வேண்டும். இரகசியமே உயிராக உள்ள கலைக்கு இது தற்கொலைக்கு ஒப்பாகும். பெண்ணை இரண்டாக அறுத்துக் காட்டும் வித்தையின் தம் வடிவத்துக்கு மேடைக் கலைஞர் ஹொரேஸ் கோல்டின் 1923இல் காப்புரிமை பெற்றார். பின்னர் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனம் தன் கேமல் சிகரெட் விளம்பரத்தில் அவ்வித்தையின் செய்முறையை வெளியிட்டபோது அவர் வழக்குத் தொடுத்தார். காப்புரிமை ஆவணத்தின் வழியாக முன்னரே பொதுவில் வைக்கப்பட்ட செய்திக்கு இரகசியம் என்னும் தகுதி இல்லாததால், 1938இல் நியூயார்க் நீதிமன்றத்தில் அவ்வழக்குத் தோற்றது.

ஒரு படைப்பின் வெளிப்பாட்டைக் காக்கும் பதிப்புரிமை இதைவிடச் சற்றே உதவுகிறது. வித்தைக் கலைஞர் ஹூடினி, நீர் நிறைந்த பெட்டியிலிருந்து தப்பும் தம் நீர்ச்சிறை வித்தையை 1911இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஒரு நாடகமாகவே நடித்துப் பதிவு செய்தார். 1976இல் உருவாக்கிய வித்தையொன்றை மேடைக் கலைஞர் டெல்லர் 1983இல் ஊமை நாடகமாகப் பதிவு செய்தார். திரையில் விழும் ரோஜாவின் நிழலை அவர் கத்தியால் வெட்ட, தொடாமலே உண்மையான மலரின் இதழ்கள் உதிர்வதே அதன் காட்சி. ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் அதைப் போன்ற வித்தையைக் காணொளியில் காட்டி, செய்முறையை விற்க முன்வந்தபோது டெல்லர் வழக்குத் தொடுத்தார். நெவாடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் காக்கப்பட்டது நாடகம் மட்டுமே. அதன் அடியில் உள்ள உத்திக்கு அத்தீர்ப்பும் வேலியிடவில்லை.

சட்டத்தின் இந்த இடைவெளியால் மிகுதியும் இழந்தவர் வித்தைக் கலைஞர் ராபர்ட் ஹார்பின். நிமிர்ந்த பெட்டியில் நிற்கும் பெண்ணின் நடுவுடல் பக்கவாட்டில் நகர்ந்து செல்லும் வித்தையை அவர் 1965இல் வடிவமைத்தார். 1970இல் 500 படிகள் மட்டும் அச்சிட்ட தம் நூலில் செய்முறையை எழுதி, அதை வாங்கியோருக்கே அப்பெட்டியைச் செய்துகொள்ளும் உரிமையை வழங்கினார். ஆனால் அந்த எல்லையை மதிக்காத பட்டறைகளிலிருந்து பெட்டிகள் பல நாடுகளுக்கும் பரவின. மேடையில் வித்தையைக் கண்டு அதன் உத்தியை ஊகித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். ஊகம் மட்டும் ஹார்பினின் வருவாயைப் பறித்திருக்காது, ஊகத்தைப் பெட்டியாக்கிக் கொடுத்த கைகளே பறித்தன.

இரவல் இல்லாமல் இக்கலை வளர்ந்திருக்காது என்று சொல்வோரின் கூற்றில் உண்மை உண்டு. இந்தியத் தெருவித்தைக்காரர்களும் ஐரோப்பியச் சந்தைக் கலைஞர்களும் நெடுங்காலமாக நிகழ்த்திவரும் கிண்ணமும் பந்தும் வித்தை எவருடைய உடைமையும் அன்று. கோல்டினே கூட, வித்தைக் கலைஞர் பி. டி. செல்பிட் 1921 ஜனவரியில் லண்டனில் காட்டிய அறுக்கும் வித்தையை அதே ஆண்டில் அமெரிக்காவில் தம் வடிவில் நிகழ்த்தியவர்தாம். எனினும் பொது மரபிலிருந்து ஒரு கொள்கையை எடுத்துப் புதிதாக ஒன்றை ஆக்குவதற்கும், உயிரோடு இருக்கும் ஒருவர் ஆண்டுக்கணக்காக உழைத்துக் கண்ட வடிவத்தை அளவெடுத்துச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலில் உள்ளோர் நன்கு அறிவர்.

அமெரிக்க மாயவித்தையாளர் சங்கம் 1902இல் நியூயார்க்கில் மார்ட்டின்கா என்னும் கருவிக் கடையின் பின்னறையில்தான் பிறந்தது. கலையின் ஒழுக்கமும் கருவி விற்பனையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவை என்பதை இது உணர்த்தும். ஆகவே கண்டுபிடித்தவரின் எழுத்து ஒப்புதல் இன்றி எந்தப் பெட்டிக்கும் மரம் அறுப்பதில்லை என்று பட்டறைகள் உறுதி கொள்வதும், விலைச்சீட்டில் அவர் பெயரைப் பொறிப்பதும், அவர் மறைந்தபின் அவருடைய குடும்பத்துக்கு உரிய பங்கைச் சேர்ப்பதும் இன்றியமையாதவை. நீதிமன்றம் தலையிடும்போது நகல் ஏற்கெனவே மேடையேறியிருக்கும். அதற்கு முன்பே மறுக்கும் வாய்ப்பு, அதைச் செய்யப் பணிக்கப்படும் தச்சருக்கு உண்டு.