பழவேற்காட்டில் ஒரு காலை

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில், தரையில் பதித்த பித்தளை நினைவுத் தகடுகளின்மேல் தாளை விரித்து, மெழுகுக் கட்டியால் தேய்த்துப் படியெடுப்பார்கள் என்று வரலாற்று வகுப்பில் சிஸ்டர் சொன்னார்கள். "நம் மாவட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டோம். அடுத்த சனிக்கிழமையே பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்.

டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் எங்களை வரவேற்றன! சிரித்துப் பேசி வந்த நாங்கள் மௌனமானோம். உள்ளே கற்பலகைகளில் குலச் சின்னங்கள், புடைப்பாகச் செதுக்கிய எழுத்துகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவையாதலால், தேய்க்காமல் கண்ணால் பார்த்தே நோட்டில் எழுதிக்கொண்டோம். மொழி புரியாவிட்டாலும் பெயரும் ஆண்டும் புரிந்தன.

திரும்பும்போது சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்கள். 1620களிலிருந்து இந்தத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான நம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

"அவர்களுக்குக் கல் எங்கே, சிஸ்டர்?" என்றாள் எங்களில் ஒருத்தி.

சிஸ்டர் பேசாமல் ஏரியைப் பார்த்தார்கள். எங்கள் நோட்டு நிறையப் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. ஏரிக்கரையில் நின்று, பெயர் தெரியாத அவர்களுக்காகப் பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.