மூன்று டிராகன், ஒரு வௌவால், ஒளித்து வைத்த ஒரு பெயர்

ஒரு சின்னச் சதுரம். அவ்வளவுதான் கதாநாயகன். முகம் இல்லை, கை கால் இல்லை. வாள் ஏந்தினால்கூட, பக்கத்தில் ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. எதிரே பயங்கரமான டிராகன் பாய்ந்து வருகிறது. அதைப் பார்த்ததும் என் மகள் கேட்டாள்: “ஏம்மா, இந்த வாத்து எதுக்கு நம்மளத் துரத்துது?”

விளையாட்டின் பெயர் ‘அட்வென்சர்’. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1980-ல் வெளியிட்ட வீடியோ கேம். டி.வி-யில் கருவியை இணைத்து, கேசட்டைச் சொருகி, ஜாய்ஸ்டிக் பிடித்து ஆடிய காலத்தது. இன்று பிள்ளைகள் மணிக்கணக்கில் ஆடும் சாகச விளையாட்டுகளுக்கு இது கொள்ளுப்பாட்டி முறை.

ஸ்பீல்பெர்க் இயக்கி 2018-ல் வந்த ‘ரெடி பிளேயர் ஒன்’ படத்தின் கடைசிப் போட்டி இந்த கேமை வைத்துத்தான் நடக்கும். படத்தைப் பார்த்த நாளிலிருந்து, “அது நிஜமாவே இருக்கிற கேமா? நாமளும் ஆடலாமா?” என்று நச்சரிக்க ஆரம்பித்தாள் மகள். 11 வயது. பிடித்தால் விடமாட்டாள். 2022-ல் வந்த ‘அட்டாரி 50’ தொகுப்பில் இது இருக்கிறது என்று தெரிந்ததும் வாங்கிவிட்டோம். காலாண்டு விடுமுறையில் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. 15 வருடங்களாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவள் நான். எங்கள் துறையில் ஐந்து வருடம் ஆனாலே பழசு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாற்பது வருடங்களுக்கு மேலான ஒரு கேமை இன்றைக்கும் ரசித்து ஆட முடியுமா, இல்லை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள்தானா?

கதை எளிமையானது. மந்திரவாதி ஒருவன் மாயக் கிண்ணத்தைத் திருடி எங்கோ ஒளித்துவிட்டான். அதைத் தேடி எடுத்துத் தங்கக் கோட்டைக்குள் கொண்டுவர வேண்டும். தங்கம், கறுப்பு, வெள்ளை என மூன்று கோட்டைகள். மூன்றுக்கும் தனித்தனிச் சாவி. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று டிராகன்கள். வாள், பாலம், காந்தம் என்று சில கருவிகள். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் தூக்கிப் போக முடியும்.

இதையெல்லாம் செய்தவர் ஒரே ஒருவர். வாரன் ராபினெட். அவருக்குத் தரப்பட்ட இடம் மொத்தம் 4 கிலோபைட். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ‘குட்மார்னிங்’ படம்கூட இதைவிடப் பல மடங்கு பெரியது. ஓடும்போது விவரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தக் கருவியில் இருந்தது 128 பைட். ஒரு பழைய எஸ்.எம்.எஸ் அளவுகூட இல்லை.

அப்போது பெரிய பெரிய கம்ப்யூட்டர்களில் எழுத்தாலேயே ஆடும் ஒரு குகைச் சாகச விளையாட்டு இருந்தது. ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டச்சு செய்து ஆட வேண்டும். அதை டி.வி-க்குக் கொண்டுவர ராபினெட் ஆசைப்பட்டார். இவ்வளவு சிறிய இடத்தில் முடியாது, விட்டுவிடு என்றார் மேலதிகாரி. அவர் விடவில்லை. தட்டச்சுக்குப் பதில் ஜாய்ஸ்டிக். வர்ணனைக்குப் பதில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் படம். ‘வாளை எடு’ என்று எழுதுவதற்குப் பதில், வாளைப் போய்த் தொட்டால் போதும். இன்று நமக்கு இதெல்லாம் சாதாரணம். அப்போது யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சரி, இன்றைக்கு எப்படி இருக்கிறது?

முதலில் குறைகள். படம் பார்க்கச் சுமார் என்று சொல்வதுகூட தாராளம். சத்தம் ‘பீப்’ ரகம். எதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று திரையில் ஒரு வார்த்தை கிடையாது. கூடவே வரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் இறங்கினால் ஐந்தே நிமிடத்தில் சலித்துவிடும். முதல் லெவலை என் மகள் சீக்கிரமே முடித்துவிட்டு, “அவ்ளோதானா?” என்றாள்.

அவ்வளவுதான் இல்லை. இரண்டாவது லெவலில் இருட்டுச் சுரங்கப் பாதைகள் வருகின்றன. கையில் டார்ச் வைத்திருப்பது போல, நம்மைச் சுற்றி ஒரு சிறு பகுதி மட்டும்தான் தெரியும். வழி மறக்காமல் இருக்க அவளே ஒரு நோட்டை எடுத்துப் படம் வரைய ஆரம்பித்தாள். மூன்றாவது லெவலில் பொருட்களெல்லாம் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்ய வழியே இல்லை.

அப்புறம் அந்த வௌவால். என்னைக் கேட்டால், இந்த கேமின் உயிரே அதுதான். கறுப்பு வௌவால் ஒன்று சும்மா பறந்துகொண்டே இருக்கும். நம் கையிலிருக்கும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தான் தூக்கி வந்த வேறு எதையாவது நம்மிடம் விட்டுவிட்டுப் போகும். நாம் பார்க்காத அறைகளிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உலகம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு, பல கோடி டாலர் செலவில் எடுத்த கேம்களில்கூட எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

ஒரு மாலை, வெள்ளைச் சாவிக்காக ஓடிக்கொண்டிருந்தபோது சிவப்பு டிராகன் எங்களை விழுங்கிவிட்டது. விழுங்கினாலும் ஆட்டம் முடிவதில்லை. அதன் வயிற்றுக்குள் நம் சதுரம் நெளிந்துகொண்டே இருக்கும். அடுத்து என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வௌவால் வந்தது. டிராகனை அப்படியே தூக்கியது. டிராகன் வயிற்றுக்குள் நாங்கள். வௌவால் பிடியில் டிராகன். கோட்டை கோட்டையாக எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டியது. சிரித்துச் சிரித்து மகளுக்குப் புரையேறிவிட்டது. ராபினெட் வகுத்தவை சில விதிகள்தான். அவை ஒன்றோடொன்று மோதும்போது இப்படி ஒரு காட்சி தானாகப் பிறக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: ஆடலாம். கண்ணுக்கு வயதாகிவிட்டது, புத்திக்கு ஆகவில்லை. ஆனால் தனியாக ஆடாதீர்கள். பக்கத்தில் ஒருவர், கையில் ஒரு நோட்டு, முன்னால் அந்த விளக்கக் குறிப்பு. இந்த மூன்றும் இருந்தால் நான்கைந்து மாலைகள் நன்றாகப் போகும்.

இந்த கேமுக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. படத்தில் பார்த்துவிட்டதால் மகள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

அந்தக் காலத்து அட்டாரியில், கேமைச் செய்தவர் பெயரை எங்கேயும் போடமாட்டார்கள். ராபினெட்டே பின்னாளில் சொன்ன கணக்கு இது: ஒரு கேசட் 25 டாலர், விற்றது பத்து லட்சம், அவருக்குக் கிடைத்தது வருடத்துக்கு 22,000 டாலர் சம்பளம் மட்டும். பெயரும் இல்லை, பங்கும் இல்லை. இதே கோபத்தில்தான் 1979-ல் நான்கு புரோகிராமர்கள் அட்டாரியை விட்டு வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனம் உருவாகக் காரணமானார்கள்.

ராபினெட் வேறு வழி பார்த்தார். கறுப்புக் கோட்டைக்குள், பாலம் போட்டால் மட்டுமே நுழையக்கூடிய ஒரு மூலையில், சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறத்திலேயே ஒரு புள்ளியை வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தங்கக் கோட்டைக்குக் கீழே ஓர் அறைக்குப் போய், இன்னும் சில பொருட்களையும் அங்கே சேர்த்தால் ஒரு சுவர் மினுமினுக்கும். அதன் வழியே புகுந்தால் ஒரு ரகசிய அறை. நிறம் மாறி மாறி ஒளிரும் எழுத்துகளில், ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும்.

நிறுவனத்தில் யாரிடமும் சொல்லாமலே அவர் வேலையை விட்டுப் போனார். கேசட்டுகள் கடைக்குப் போன பிறகு, ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். நீக்க வேண்டுமென்றால் சிப்பையே மாற்றிச் செய்ய வேண்டும், செலவு அதிகம். அங்கிருந்த ஸ்டீவ் ரைட் என்ற அதிகாரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஈஸ்டர் பண்டிகையில் ஒளித்து வைக்கும் முட்டைகளைக் குழந்தைகள் தேடுவது போல இது என்றார். அன்றிலிருந்து இப்படிப்பட்ட ரகசியங்களுக்கு ‘ஈஸ்டர் எக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு முன்பே சில கேம்களில் பெயர்களை ஒளித்து வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனால் உலகம் அறிந்தது இதைத்தான்.

புள்ளியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. அறைக்குள் நுழைந்து அந்தப் பெயரைப் படித்ததும், மகள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ எழுதினதுல உன் பேரை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்க?”

எங்கேயும் இல்லை என்றேன். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர்தான் நான் அதிக காலம் வேலை பார்த்தது. ஆறு பேர், மூன்று வருடம். பிறகு அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் வெப்சைட்டில் இயக்குநர்கள் போட்டோ இருக்கிறது. எங்கள் பெயர் இல்லை. பணக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் யாருக்கும் தெரியாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அது நியாயம்தான். ஆனால் ஒளிக்காமல், வெளிப்படையாக ஒரு மூலையில் பெயரைப் போடலாமே? சினிமாவில் டீ கொடுத்தவர் பெயர்கூட வருகிறது. இன்றைய பெரிய கேம்களில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றன. கடையின் பில் கவுன்டரில் மட்டும் யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். கவுன்டரில் எங்கள் ஸ்கிரீன். எனக்கு அதைப் பார்த்துப் பழக்கம்தான். ஆனால் மகள் எக்கிப் பார்த்து, “இது எங்கம்மா செஞ்சது!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

பில் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். “அப்படியாக்கா? ரிட்டர்ன் பில் போடும்போது எதுக்கு மூணு தடவை பாஸ்வேர்டு கேக்குது?”

அது கடை முதலாளிகள் கேட்டு வைத்த பூட்டு என்றேன். “அப்ப சரி. ஆனா தமிழ்ல பில் வருது பாருங்க, அது ரொம்ப நல்லா இருக்குக்கா. எங்க அப்பாகூட படிச்சிடுவாரு” என்றார். தமிழ் அச்சைச் செய்தது எங்கள் ஆறு பேரில் இளையவர். இப்போது வேறு ஊரில் வேலை. அன்றிரவே அவருக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “யாருக்கா அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

பேசி முடிக்கும்வரை மகள் பக்கத்திலேயே இருந்தாள். ஆறு பேரின் பெயரையும் கேட்டு, அந்த பில்லின் பின்பக்கம் வரிசையாக எழுதி, கேம் மேப் வரைந்த நோட்டில் ஒட்டிவிட்டாள். பில்லில் மெஷின் அடித்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அதனால் பெயர் எழுதிய பக்கம் மேலே தெரியும்படிதான் ஒட்டியிருக்கிறாள்.