நான் இடம் மாற்றிய அந்துப்பூச்சி

தெரிந்தே ஒரு பொய்யை எழுதினேன். கைதவறி எழுதியது என்று சமாளிக்க வழியில்லை.

வாலாஜா டோல்கேட்டுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோர டீக்கடைச் சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே அது ஒட்டியிருந்தது. "பாம்புத் தலையாட்டம் இருக்குது பாருங்கண்ணா" என்றான் கடைப்பையன். உள்ளங்கையைவிடப் பெரிய இறக்கை, அதன் நுனியில் பாம்பு முகம், நடுவில் ஒளி ஊடுருவும் முக்கோணத் திட்டுகள். அட்லஸ் வகை அந்துப்பூச்சி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அட்டாகஸ் டாப்ரோபேனிஸ். 1882இல் ஃபிரெடெரிக் மூர் விவரித்த இனம். சீப்புப்போல் அகன்ற உணர்கொம்புகள் ஆண் என்று காட்டின. இனத்தைச் சரியாகத்தான் கண்டுகொண்டேன்.

குறிப்பேட்டில் இடம் எழுதும்போது 'ஜவ்வாது மலை' என்று எழுதினேன். தோல் ஷெட்டுகளுக்கும் குரோமியக் கழிவுக்கும் பேர்போன எங்கள் வட்டாரத்தில், லாரிப் புகைக்கு நடுவே பார்த்தேன் என்றால் யார் மதிப்பார்கள்? காட்டில் கண்விழித்துக் கண்டதாகச் சொன்னேன். பாராட்டினார்கள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இத்தகைய பொய் என்ன செய்யும் என்பதற்கு வன ஆந்தையின் கதையே சாட்சி. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயர், அருங்காட்சியகத்தில் திருடிய ஆந்தையின் பாடம் செய்த உடலை, 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே பிடித்ததாகச் சீட்டு எழுதி ஒட்டினார். அதை நம்பியவர்கள் அங்கே தேடி ஏமாந்தார்கள். அந்த மோசடியை அம்பலப்படுத்திய பமீலா ராஸ்முஸ்ஸென், பொய்ச்சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகளைப் பின்பற்றித் தன் குழுவோடு தேடினார். 1997இல் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஆந்தை கிடைத்தது.

என் பூச்சிக்கு வருவோம். வளர்ந்த அட்லஸ் எதையும் உண்பதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஓரிரு வாரம் வாழும். அதற்குள் பெண்ணைத் தேடியாக வேண்டும். டோல்கேட்டுக்கு வந்த அந்த ஆண் பக்கத்து அம்மூர் காப்புக்காட்டில் பிறந்ததா, இல்லை கூட்டுப்புழுவாக ஏதோ ஒரு லாரியில் வந்து சேர்ந்ததா? ஆராய நினைப்பவருக்கு இடமும் தேதியும்தான் முதல் ஆதாரம். அதை நானே கெடுத்தேன். என் ஊரின் கணக்கில் சேரவேண்டிய ஓர் உயிரை, ஊரைப் பற்றிய என் வெட்கத்தால் மலைக்குத் தாரைவார்த்தேன்.

குறிப்பைத் திருத்திவிட்டேன், பாராட்டியவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பூச்சி பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இனத்தைத் தவறாகச் சொன்னால், படத்தைப் பார்த்து விவரம் தெரிந்தவர் திருத்திவிடுவார். இடத்தைப் பொய்யாக எழுதினால், எழுதியவரைத் தவிர வேறு யாராலும் எளிதில் திருத்த முடியாது. சாக்கடை ஓரத்தில் பார்த்தால் சாக்கடை ஓரம் என்றே எழுதுங்கள்.