தட்டும் பாட்டும்

1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கும் பின்வந்த போருக்கும் தப்பிய இசைத்தட்டுகள் சில, செங்கலடியில் நம் வீட்டில் உள்ளன. அரக்குக் கலந்த தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடப் பாட்டு. "இதுவே அசல், கைத்தொலைபேசியில் ஒலிப்பது நகல்" என்பர் பெரியோர். "இரைச்சலா சங்கீதம்?" என்பர் நம் மாணவர்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் விகன் நகரில், 1973 முதல் 1981 வரை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' பாட்டுகளுக்கு இளைஞர் விடிய விடிய ஆடினர். அரிய மூலத்தட்டைத் தேடிப் பெற்றவனுக்கே அங்கு மதிப்பு. அம்மரபினருட் சிலர் இன்றும் நகலை ஏற்பதில்லை.

தேடியவன் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் அரக்குத்தட்டு கைதவறினால் உடையும். வேறு படி இல்லையேல் பாட்டும் அதனுடன் மறையும். ஆகவே நகலெடுத்து ஊருக்கு அளிப்போம். தட்டையும் எறியாது காப்போம். பாட்டு எல்லோருக்கும் உரியது. அது வந்த வழிக்குத் தட்டே சான்று.