எடைக்குக் கட்டம் இல்லை

போன வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போவில் வந்தேன். வீட்டுப் பக்கம் இறங்கி, இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதிக்கு நிற்காமல் நடந்தேன். டிரைவர் கூப்பிட்டார்.

"சார், பத்து ரூபாதான். இன்னொருத்தர் எங்க?"

என்ன பதில் சொல்ல? இன்னொருத்தரும் நான்தான். ஆனால் அவர் போய் ஏழு வருடம் ஆகிறது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் புதுச்சேரியில் ஷேர் ஆட்டோவுக்கு டெம்போ என்றுதான் பெயர். 118 கிலோ எடையோடு நான் டெம்போவில் ஏறிய காலத்தில் எனக்கு இரண்டு பேர் இடம் தேவைப்பட்டது. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே இரண்டு பேருக்கான காசைக் கொடுத்துவிடுவேன். கேட்டால் அவமானம், கேட்காமல் கொடுத்தால் கௌரவம் என்று எனக்குள் ஒரு கணக்கு. இப்போது என் எடை 76 கிலோ. உடம்பு குறைந்துவிட்டது, கை மட்டும் பழைய கணக்கிலேயே காசை எடுக்கிறது.

இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அதே அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகும் நண்பர் ஒருவர், "அப்புறம் எப்படி இருக்கும்?" என்று போனில் கேட்டார். டாக்டர் சொல்வதையெல்லாம் அவர் கேட்டாகிவிட்டது. டாக்டர் சொல்லாததைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் நான் எப்படி குண்டானேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் அப்பா மில் தொழிலாளி. ஒட்டிய வயிறு, துருத்திய தோள் எலும்பு. எங்கள் தெருவில் ஒல்லியாக இருப்பது என்றால் போதாமை என்று அர்த்தம். அம்மாவுக்கு ஒரே வைராக்கியம், பிள்ளை மில்லுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் அப்பா என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். பிரெஞ்சு படித்தால் சர்க்கார் உத்தியோகம் நிச்சயம் என்று அப்போது நம்பிக்கை. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினோரு வயது. சர்க்காரின் மொழி மாறிக்கொண்டிருந்தது, அம்மா போடும் சோறு மாறவில்லை. அவள் தட்டில் இல்லாவிட்டாலும் என் தட்டில் மறுசோறு விழும். பள்ளியில் என் பெயர் "க்ரோ". பிரெஞ்சில் குண்டன் என்று பொருள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "கண்ணு வைக்கிறானுங்க" என்று சுற்றிப் போட்டாள்.

1973ல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருடம் நாற்காலி. பத்தரைக்கு டீ வடை, நாலு மணிக்கு மறுபடி டீ. ஓய்வு பெற்றபோது சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு எல்லாம் கூடவே வந்தன. மூக்கில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று போனால், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நடந்தால்தான் எடை குறையும், மூட்டு சரியானால்தான் நடக்க முடியும். அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே சுற்றும் ஃபைல் மாதிரி ஆகிவிட்டேன்.

2017 செப்டம்பரில், என் அறுபத்தாறாவது வயதில், சென்னையில் அறுவை சிகிச்சை. ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி என்று பெயர். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான் ஊறுகிறது. அதனால் கொள்ளளவு மட்டுமல்ல, பசியே குறைகிறது. சம்மதப் படிவத்தில் எனக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் என் மனைவி.

முதலில் வெறும் நீர் ஆகாரம். பிறகு மசித்தது, அப்புறம் குழைந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். தட்டில் முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு கடைசியில். பி 12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நண்பரே, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். எடை குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் கைகால் மரத்துப்போய் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு.

பலன் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். இன்சுலின் நின்றது. ஒரு வருடத்தில் மூக்கு மெஷினும் வேண்டாம் என்றார்கள். குனிந்து செருப்பு வாரை நானே மாட்டிக்கொண்ட அன்று, வாசற்படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இந்த உடம்பு எனக்குப் பழக்கமில்லாத வீடு மாதிரி இருந்தது. மார்கழிக் குளிர் என்றால் என்ன என்று முதன்முதலாகத் தெரிந்தது. மின்விசிறிக்காகச் சண்டை போட்டவன், அதை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டேன். கடற்கரையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. நாலாவது மாதம் தலைமுடி கொத்தாக உதிர்ந்து, பிறகு பாதி திரும்பி வந்தது. கதவைக் கண்டால் இன்றைக்கும் ஒருக்களித்துத்தான் நுழைகிறேன். வயிற்றுத் தோலும் கைத் தோலும் காலிச் சாக்கு போலத் தொங்குகின்றன. இந்த வயதில் அது திரும்ப இறுகாது. வெட்டித் தைக்க இன்னொரு அறுவை சிகிச்சை உண்டு என்றார்கள். போதும் என்று கும்பிட்டுவிட்டேன்.

ஒருநாள் நேரு வீதியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் என் அப்பாவைப் பார்த்தேன். அதே ஒட்டிய கன்னம், அதே கழுத்து. நின்றுவிட்டேன். அவர் செத்து நாற்பது வருடம் ஆகிறது. அம்மா எந்த உடம்பிலிருந்து என்னைத் தப்பிக்கவைக்க நினைத்தாளோ, அதே உடம்புக்குள் பணம் கட்டி வந்து சேர்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஊர்க்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். "என்னண்ணே இப்படி இளைச்சிட்டீங்க?" என்பார்கள். குரல் தாழ்ந்திருக்கும். சர்க்கரை முற்றிவிட்டதா, வேறு ஏதாவது கட்டியா என்று கண் கேட்கும். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த பள்ளித் தோழன் மட்டும் என்னைப் பார்த்ததும் "மேக்ரி! ப்ராவோ!" என்று கட்டிக்கொண்டான். மெலிந்துவிட்டாய் என்று பொருள். அவன் வாயில் அது பாராட்டு. தமிழில் இளைத்தவன் என்றால் நொந்தவன், தோற்றவன். இளைப்பு என்றாலே மூச்சிரைப்பு. ஒரே செய்திக்கு ஒரு மொழியில் கைதட்டலும் இன்னொரு மொழியில் துக்க விசாரிப்பும் கிடைத்தன.

வெளியாட்களைச் சமாளித்துவிடலாம். வீட்டில்தான் கஷ்டம்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று ஆழாக்கு அரிசி வடிப்பாள் என் மனைவி. எனக்கு நாலு கரண்டியில் வயிறு அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அவள் அளவைக் குறைக்கவே இல்லை. மீந்ததை வாட்ச்மேனுக்குக் கொடுப்பாள். வடகம் தாளித்த மீன் குழம்பை நான் ஒரு துண்டோடு தள்ளி வைத்தால் முகம் வாடிப்போகும். "நல்லா இல்லையா?" என்பாள். நல்லா இருக்கிறது, இடம்தான் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

மூக்கு மெஷின் நின்ற பிறகு ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். என் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் இருட்டில் மெதுவாகச் சொன்னாள்: "கை வெச்சா எலும்பு தட்டுதுங்க. பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "அந்த உடம்போட நான் செத்திருந்தா உனக்குத் திருப்தியா இருந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், என் பழைய சட்டைகளையெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறாள். யார் போட்டுக்கொள்ள என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அது 2018 நவம்பர். நவம்பர் என்றால் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டிய மாதம். வழக்கம்போல இருவரும் வங்கிக்குப் போனோம். புதிதாக வந்த சின்னப் பெண் கவுண்டரில் இருந்தாள். பென்ஷன் ஆணையில் ஒட்டியிருந்த எங்கள் ஜோடிப் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது நீங்கதான்னு தெரியுது. சார் வரலையா? அவரே நேர்ல வரணும்மா."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்மேல் தப்பே இல்லை. "சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும்" என்று முப்பத்தெட்டு வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து நான் சொன்ன வாக்கியம் அது. எத்தனை பேர் முகம் அதைக் கேட்டுச் சுருங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

பணியாளர் பிரிவில் இருந்தபோது நூற்றுக்கணக்கான சர்வீஸ் புக்குகளின் முதல் பக்கத்தை நான் எழுதியிருக்கிறேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம். எடைக்கு அதில் கட்டம் கிடையாது. ஆளை அடையாளம் காண எடை உதவாது என்று சர்க்காருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. என் அடையாளம் வலது மேற்கையில் ஒரு மச்சம். சட்டையை மடித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். ஆனால் தோல் தொங்கியதில் மச்சமும் இடம் மாறிக் கைக்கு அடியில் போய்விட்டது. அரசு ஆவணப்படி அதுவும் செல்லாது!

அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள். சாதாரணமாக வங்கியில் வாய் திறக்காதவள்.

"இவர்தாம்மா அவரு. நாப்பத்தோரு வருஷமா இவர்தான். ஆபரேஷன் பண்ணி இளைச்சிருக்காரு, அவ்வளவுதான். நான் சொல்றேன்ல."

விரல் ரேகை மெஷினை நீட்டினார்கள். வயதான விரலுக்கு ரேகை தேய்ந்திருக்கும். முதல் தடவை மெஷினும் என்னை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் என் கையைப் பிடித்து, முந்தானையால் விரலைத் துடைத்து, தானே மெஷின்மேல் அழுத்தி வைத்தாள். இரண்டாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்ததும், "அடுத்த வருஷமும் இதே கூத்துதான் நடக்கும். வாங்க, புதுசா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள். அப்படியே பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போனோம். இருவரையும் நிற்க வைத்து போட்டோகிராபர் கேமரா வழியாகப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் பக்கத்துல வாங்க."

நகர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சார். நடுவுல இன்னொருத்தர் நிக்கலாம் போல இருக்கு."

பழைய உடம்புக்கு இடம் விட்டு நின்றிருக்கிறேன். அவளுக்கும் அது புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

அன்று ராத்திரி ஒன்றரை ஆழாக்குதான் வடித்தாள். புதுப் படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. பழைய படத்தையும் அவள் கழற்றவில்லை, நானும் கழற்றச் சொல்லவில்லை.