சுமை இறங்கிய பின்

மறைந்த என் தந்தையாரின் அம்பாசிடர் வண்டியை ஓய்வு நேரங்களில் புதுப்பித்து வருகிறேன். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, 2014-ஆம் ஆண்டில் உத்தரபாராவில் உற்பத்தி நின்றுபோன ஊர்தி அது. அதன் பின்பாரத்தை இரு வில்பட்டைகள் தாங்குகின்றன.

பாரம் இருக்கும்வரை பட்டைகள் தட்டையாய் அமர்ந்திருக்கும். உடற்கூட்டை ஜாக்கியால் உயர்த்தினால் அவை வளைந்து கீழிறங்கும், அச்சும் உடனிறங்கும். கூடு உயர்ந்தும் சக்கரம் தரையை விடாது. மேலும் உயர்த்தினால் அச்சு தொங்கி, கூட்டிலிருந்து அதற்குச் செல்லும் மெல்லிய பிரேக் ரப்பர்க் குழாய் இழுபடும். ஆகவே முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கூட்டைத் தாங்குகால்களில் அமர்த்தி, அச்சின் கீழும் மற்றொரு ஜாக்கி வைத்து மெல்ல இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் புகலாகாது.

பாரத்தில் தளராதது பாரம் நீங்கியதும் தொங்குவதை நான் இல்லத்திலும் கண்டேன். தந்தையார் ஆறாண்டுகள் படுக்கையில் இருந்தார். இரவும் பகலும் பேணிய அம்மா ஒருநாளும் சோர்ந்ததில்லை. அடக்கத்தன்று அனைவரும், "இனி ஓய்வெடுங்கள்" என்றனர். அடுத்த வாரங்களில் அவர் உண்பதும் பேசுவதும் குறைந்தன.

அன்பியத்துப் பெண்கள் இருவர் வந்து, நோயுற்றோரைச் சந்திக்க அவரை அழைத்துச் சென்றனர். புதன்தோறும் ஒரு வீடு, ஒரு செபமாலை, சிறிது கஞ்சி. அம்மா மெல்ல நிமிர்ந்தார்.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் சீமோனை எண்ணுகிறோம். சுமை இறங்கியவர்களையும் எண்ணுவோமா? முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின்னரும் அவர்கள் கதவைத் தட்டுவோம்.