தண்ணீரின் எடை

இலக்கியம் பேசும் இடத்தில் சரக்கு வண்டி வாங்கிய கதையை எழுதுவது சற்று முரணாகத் தோன்றக்கூடும். ஆயினும் கடந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் எந்த நூலையும்விட அதிகமாகப் பேசப்பட்டது அந்த வண்டிதான். 'நாங்கள்' என்று எழுதுவது வழக்கம் கருதியன்று. வாங்கியவர்கள் உண்மையிலேயே இருவர், அக்காவும் தம்பியும். மூத்தவர் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துபவர். இளையவர் ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் தோட்டம் பார்ப்பவர். தோட்டம் பொது, கடனும் பொது. கடன் விண்ணப்பத்தோடு இணைத்த சம்பளச் சீட்டு மட்டும் மூத்தவருடையது.

முன்பு எங்களிடம் இருந்தது குட்டி யானை. 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி என்ஜின், முக்கால் டன் சுமை. அதுவரை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் செல்ல வாடகை வண்டிக்காரரின் நேரத்துக்காகக் காத்திருந்தோம். நாங்கள் காத்திருப்போம், பறித்த தக்காளி காத்திருக்காது. பழைய வண்டியாகத்தான் வாங்கினோம் என்றாலும், குட்டி யானை வந்த பிறகே எங்கள் விளைச்சலுக்கு எங்கள் கடிகாரம் கிடைத்தது. அது உழைத்து ஓய்ந்த பின்னர்தான் பெரிய வண்டி பற்றிய பேச்சு எழுந்தது.

தேவைகள் இரண்டு. முதலாவது சந்தை. எங்கள் பக்கத்தில் தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கு. நல்ல பறிப்பு நாளில் 100 பெட்டி சேர்ந்தால் 1,400 கிலோ. பெட்டிகளின் எடை வேறு. இரண்டாவது தண்ணீர். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் தென்னைகளைக் காப்பாற்றினோம், எல்லாவற்றையும் அல்ல. பட்டுப்போன மரங்களின் மொட்டைத் தலைகள் நெடுநாள் அப்படியே நின்றன. அந்தப் பயத்தில், பின்னாளில் 5,000 லிட்டர் டேங்கர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிப் போட்டோம். இழுப்பதற்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை வாடகைக்குக் கேட்க வேண்டும்.

சுமக்கவும் இழுக்கவும் ஒரே வண்டி என்று பிடிவாதம் பிடித்தவர் மூத்தவர். காரணம் எளியது. ஒரு மாதத் தவணைக்கு மேல் அந்தச் சம்பளம் தாங்காது. "டிராக்டர் வேலைய டிராக்டர்தான்க்கா செய்யணும்" என்று இளையவர் சொன்னதை, புது வண்டி மீதுள்ள ஆசையில் பழைய வழக்கத்தை விட மாட்டேன் என்கிறான் என்றே எடுத்துக்கொண்டார்.

விற்பனைக் கூடங்கள் ஏறி இறங்கினோம். அசோக் லேலண்டு தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் என்று பார்த்தோம், பொலிரோவில் 1.3 டன் ரகமும் உண்டு, 1.7 டன் ரகமும் உண்டு. சம்பளச் சீட்டு யாருடையது என்று தெரிந்த பிறகும் விற்பனையாளர்கள் இளையவரைப் பார்த்தே பேசினார்கள். இழுவை பற்றிக் கேட்டால் ஒரே பதில்: "எத வேணா இழுக்கும் சார்." கையில் கொடுத்த தாள்களில் சுமைக்கு எண் இருந்தது, இழுவைக்கு எண் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்குள்ள ஃபோர்டு சூப்பர் டியூட்டி போன்ற கனரகப் பிக்கப்புகளின் விவரங்களை அனுப்பினார். ஒவ்வொரு ரகமும் எத்தனை எடையை இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு எடை அழுந்தலாம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது அங்கே பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். எங்கள் டேங்கரில் பிரேக் இல்லை. அதைப் படித்த பின்னரும் நாங்கள் யோசிக்கவில்லை.

கடந்த பங்குனியில் ஒரு நண்பரின் பழைய பிக்கப்பை இரவல் வாங்கி டேங்கரை மாட்டிப் பார்த்தோம். எச்சரிக்கையாகப் பாதியளவே நிரப்பினோம். சமதரையில் வண்டி இழுத்தது. மூத்தவருக்கு வெற்றிப் பெருமிதம். ஓடைப் பாலத்துக்கு இறங்கும் சிறு சரிவில் இளையவர் பிரேக்கை மிதித்தார். வண்டி தணிந்தது, தண்ணீர் தணியவில்லை. ஒரு கணம் பிந்தி உள்ளிருந்த நீரெல்லாம் முன்னால் பாய்ந்து மோத, டேங்கர் பின்னாலிருந்து தள்ள, வண்டியின் மூக்கு திரும்பிச் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தருகே நின்றது. யாருக்கும் அடியில்லை. சைக்கிளில் வந்த ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாலத்தைக் கடந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இருவரும் வெகுநேரம் இறங்கவில்லை, பேசவும் இல்லை.

கணக்கை அதற்குப் பின்னர்தான் போட்டோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் என்றால் 5 டன். டேங்கரின் இரும்பு அதற்கு மேல். பாதி நிரப்பினால் எடை குறைகிறது, ஆனால் நீர் அலைய இடம் கிடைக்கிறது. பிக்கப்பின் குதிரைத்திறன் பல டிராக்டர்களைவிட அதிகம். எங்களை ஏமாற்றியது அந்த எண்தான். டிராக்டர் இழுப்பது தாழ்ந்த கியரின் பலத்தால், பெரிய சக்கரங்களின் பிடிப்பால், எல்லாவற்றுக்கும் மேலாக அதன் மெதுவான ஓட்டத்தால்.

புறநானூற்றில் உமணர்கள் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருகிறார் மூத்தவர். பழகாத எருது, மிகுந்த பாரம், வழியில் வரப்போகும் பள்ளமும் மேடும் அறியாத நிலை: அச்சு முறியலாம் என்று கிளம்பும்போதே எண்ணியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டை அதியமான் மகன் பொகுட்டெழினியின் புகழாக மட்டுமே இதுவரை நடத்தியிருக்கிறோம். உப்பு வண்டிக்காரரின் அச்சம் அதில் இருப்பது புளியமரத்தடியில்தான் தெரிந்தது.

முடிவில் 1.7 டன் ரகத்தையே எடுத்தோம். 1.3 டன் வண்டியில் 100 பெட்டி ஏற்றினால் நாள்தோறும் மிகைச்சுமை. 2019 சட்டத் திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. நாங்கள் எடுத்தது தாண்டும் என்பதால் அந்தச் செலவும் சேர்ந்தது. ஓட்டுநர் உரிமத்துக்குத் தொல்லையில்லை. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிகளை இலகுரக உரிமத்தோடே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. பின்னால் கொக்கி வைக்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். எத்தனையோ ஜோடி மாடுகளைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய கை, பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தது. எவ்வளவு இழுக்கும் என்று அவர் கேட்கவில்லை. "இறக்கத்துல நிக்குமாடா?" என்றார். "நிக்கும்ப்பா" என்றார் இளையவர். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

டேங்கர் இப்போதும் களத்தில் நிற்கிறது. கோடை வந்தால் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைத்தான் கேட்க வேண்டும். வாடகைக்கென்று மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம்.